காணாமல் போன கல்யாணம்

கம்ப்யூட்டருக்குள்ளிருந்து பல்லி கத்துவது போல டிக் டிக்கென்று சத்தம் வந்தது. மரியதாஸ் முதலில் கூரையைத்தான் பார்த்தான். அங்கே பல்லி இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் திரை நீலமாகி, பிறகு கறுத்தே போய்விட்டது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'ஜான்சி டிஜிட்டல் ஸ்டுடியோ' வைத்திருப்பவன் மரியதாஸ். ஜான்சி அவன் மனைவி. செத்துப்போன அந்த ஹார்ட் டிஸ்கில் உப்பள முதலாளி பலராமனின் ஒரே மகள் கல்யாணம் முழுவதும் இருந்தது. கேமரா கார்டுகளில் இருந்ததை அடுத்து வந்த காதணி விழாவுக்காக அவனே அழித்திருந்தான். வேறு காப்பி எடுத்து வைக்கவில்லை.

அவனுக்கு முதலில் வருத்தம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. முந்தின நாள் ஆரோக்கியராஜ் வந்திருந்தான். மரியதாஸிடமே தொழில் கற்றுக்கொண்டு, எதிர்வரிசையில் 'ட்ரோன் வசதி உண்டு' என்று போர்டு மாட்டிக் கடை திறந்தவன். லைட் ஸ்டாண்டு இரவல் கேட்க வந்தவன், கம்ப்யூட்டரை ஒட்டி நின்று டீ குடித்தான். ஒரு டீயைக் குடிக்க அவ்வளவு நேரமா ஆகும்?

உப்புக்காற்றில் கடை ஷட்டரே துருப்பிடித்து உதிரும்போது கம்ப்யூட்டர் மட்டும் எப்படித் தாங்கும் என்றாள் ஜான்சி. இவள் ஏன் இவ்வளவு அவசரமாகக் காற்றின் மேல் பழியைப் போடுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. காலையில் மேஜையைத் துடைத்தது யார் என்று கேட்டும்விட்டான். அன்று மதியம் சோற்றை அவனே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாயங்காலம் பலராமனின் கார் வந்து நின்றது. உப்பளத்தின் ஒரு கோடியில் நின்று பேசினால் மறுகோடியில் பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், அப்படிப்பட்ட குரல் அவருக்கு. அன்றைக்கு என்னவோ தணிந்து பேசினார்.

"எல்லாம் பதிவாகியிருக்காப்பா? ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம இருக்குங்க ஐயா. கலர் மட்டும் சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

"பந்தியும் இருக்குதா?"

"பந்தியும்தாங்க."

பலராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மரியதாஸின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சொல்லாமலே எழுந்து போனார். விஷயம் தெரிந்துதான் ஆழம் பார்க்கிறார், ஆரோக்கியராஜ்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும் என்று மரியதாஸ் முடிவு கட்டினான்.

ஹார்ட் டிஸ்கைக் குளிரவைத்தால் கொஞ்ச நேரம் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தான். ஜான்சி அங்கே வஞ்சிரத்துக்கு மசாலா தடவி வைத்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. மறுநாள் டிஸ்க் சில்லென்று இருந்தது, மணமாகவும் இருந்தது. உயிர் மட்டும் வரவில்லை.

பாண்டிச்சேரியில் இதற்கென்றே கடை வைத்திருந்த சரத்குமார் அதை மூக்கருகே கொண்டுபோய், "இது எங்கண்ணா வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். மரியதாஸ் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தான். உள்ளே பழுதான பாகத்தை மாற்றிப் பார்க்கலாம், வந்தால் வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்றான் சரத்குமார். டிஸ்கையே மாற்றிவிடுவானோ என்ற பயத்தில் மரியதாஸ் வரும் வழியிலேயே அதன் முதுகில் ஆணியால் சிலுவை கீறியிருந்தான். சரத்குமார் அதைத் தடவிப் பார்த்தபோது, ஆண்டவர் காப்பாற்றட்டும் என்று போட்டதாகச் சொல்லிச் சமாளித்தான்.

அதை மட்டும் நம்பி உட்கார அவனால் முடியவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் கையில் எல்லாம் போன் இருந்ததே. அதிலுள்ள படங்களைச் சேர்த்தால் ஒரு ஆல்பம் தேறாதா? பலராமனின் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனான். நல்ல படத்துக்கு ஸ்டுடியோ சார்பில் பரிசு என்று அளந்தான். கிடைத்ததெல்லாம் சாப்பிட்டவர்கள் தங்களையே எடுத்துக்கொண்ட படங்கள். மணப்பெண்ணின் முழங்கை இரண்டொன்றில் தெரிந்தது. பரிசு எங்கே என்று கேட்டு ஸ்டுடியோவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததுதான் மிச்சம்.

அதற்குள் பலராமனின் கார் மறுபடியும் வந்துவிட்டது.

"ஏம்பா, என் பொண்ணு கல்யாணப் படத்தைக் கேட்டு வீடு வீடா போறியாமே. யாரு அனுப்பினது உன்னை?"

"யாரும் அனுப்பலைங்க. ஆல்பத்துக்கு நடுவுல சின்னச் சின்னப் படமா வைக்கலாம்னு..."

"பந்தியில எடுத்ததும் கேட்டியா?"

அவருக்குப் பந்தி மேல்தான் ஆசை என்று மரியதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. வகைவகையாகப் பரிமாறியவர், அதைப் பார்க்கத் துடிக்கிறார் போல. "பந்தியைத்தாங்க முக்கியமா கேட்டேன்," என்றான்.

பலராமனின் முகம் இருண்டது. அவர் கார் கதவைச் சாத்திய சத்தத்தில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

அதன்பின் மரியதாஸுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. கார் தெருமுனையில் திரும்பினாலே பின்பக்கமாகக் கழிவறைக்குப் போய்விடுவான். ஜான்சிதான் முன்னால் வந்து, அவர் சர்ச்சுக்குப் போயிருக்கிறார் என்பாள். இந்த மனுஷனுக்குத் திடீரென்று இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று பலராமனும் சந்தேகமாகவே பார்த்துவிட்டுப் போவார்.

இப்படி இருக்கும்போதுதான் சரத்குமாரின் போன் வந்தது. எல்லாம் வந்துவிட்டதாம், ஒரு ஃபைல்கூடப் போகவில்லையாம். மரியதாஸ் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போய் வாங்கி வந்து, சிலுவை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகுதான் நம்பினான்.

இனிக் குறை என்ற பேச்சே வரக்கூடாது என்று வைராக்கியமாக வீடியோ வேலையில் இறங்கினான். கல்யாணத்தன்று அவன் மேடையை விட்டு இறங்கவில்லை. பந்தியை எடுத்தது வாடகைக்கு வந்த வேறொரு கேமராமேன். அந்தப் பகுதியை நிதானமாகப் பார்க்க நேரமில்லாததால் ஒரு இடம்கூட வெட்டாமல் அப்படியே சேர்த்து, நாதஸ்வரம் போட்டு, பலராமன் தெரிகிற இடங்களில் எல்லாம் மெதுவாக ஓடவிட்டான். மனுஷன் ஆசை தீரப் பார்க்கட்டும்.

முதல் காப்பியைத் திண்டிவனத்துக்கே கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் கொடுத்தான். அவர்கள் வாயால் பாராட்டு வந்துவிட்டால், இத்தனை தாமதம் ஏன் என்று பலராமன் கேட்கமாட்டார் என்பது அவன் கணக்கு. அவர்களும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பெரிய டிவியில் போட்டார்கள். மரியதாஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்துவிட்டான்.

மறுநாள் காலை பலராமனின் கார் வந்தபோது அவன் ஒளியவில்லை. வாசலிலேயே நின்றான். அவர் காரை விட்டு இறங்கவில்லை. டிரைவர் பக்கிரி மட்டும் தனியாக உள்ளே வந்து, தயங்கித் தயங்கி நின்றான்.

"அண்ணே, ஐயாவுக்கு நேர்ல கேக்க ஒரு மாதிரியா இருக்குதாம். அதான் என்னை அனுப்பினாரு. அந்தப் பந்தி வீடியோ..."

"கவலையே படாதப்பா," என்றான் மரியதாஸ். "முழுசா போட்டிருக்கேன். ஐயா வர்ற இடமெல்லாம் ஸ்லோமோஷன். நேத்தே சம்பந்தி வீட்டுல எல்லாரும் உக்காந்து பாத்தாங்க."

பக்கிரி வெளியே காரை ஒருமுறை பார்த்தான். பிறகு படம் எடுக்க வருபவர்களுக்காகப் போட்டிருந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளையோட தாய்மாமன் தலையில சாம்பார் வாளியைக் கவுத்தது ஐயாதாண்ணே, பரிமாறுன ஆளு கால் தடுக்கிக் கவுத்துட்டான்னு சம்பந்திகிட்ட கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டு, அந்த வீடியோவை அழிச்சிடச் சொல்லத்தான் இங்க நடையா நடந்தாரு, கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னு முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்து மாலையும் போட்டிருப்பாரு."