சுகந்தி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்

பொறாமைப்படுவதற்கு ஆள் பக்கத்து வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. என்னுடைய எதிரி ஆஸ்திரேலியாவில் இருந்தான். நான் ஒருவன் இருக்கிறேன் என்பதே அவனுக்குத் தெரியாது. (அதுதான் கூடுதல் எரிச்சல்.)

கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில் என் மனைவி சுகந்தி இங்கிலீஷ் படித்தது என்னிடம் இல்லை. தொலைக்காட்சியில் பின்னேரம் ஓடிய ஓர் ஆஸ்திரேலியத் தொடரிடம். அது தொடங்கிவிட்டால் வீட்டில் தேத்தண்ணி கிடையாது. அதில் ஒரு டாக்டர் வருவான். வாட்டசாட்டமான உடம்பு, வெயிலில் பழுத்த தோள். சேர்ட் போடுகிற பழக்கமே இல்லை.

"ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவன் எந்நேரமும் கடற்கரையில என்னப்பா செய்யிறான்?"

"அவருக்கு ஷிப்ட் முடிஞ்சுது. நீங்கள் கொஞ்சம் தள்ளி இருங்கோ, மறைக்குது."

கொஞ்சக் காலத்தில் சுகந்தி எதைச் சொன்னாலும் வசனத்தின் கடைசி, கேள்வி கேட்பதுபோல மேலே ஏறத் தொடங்கியது. ஒருநாள் மருந்தெடுக்கப் போன இடத்தில் வரவேற்பில் இருந்த பெண், "ஆஸ்திரேலியாவில் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சந்தோசத்தில் அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் கணவாய்க் கறி. என்னுடைய இங்கிலீஷைக் கேட்டு இதுவரை ஒருவரும் ஊர் விசாரித்ததில்லை. "பார்டன்?" என்று மட்டும் கேட்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், கடல் கடந்த எதிரிதானே என்று. போன கிறிஸ்மசுக்கு அவனே எங்கள் ஹரோவுக்கு வந்து சேர்ந்தான்.

ஆஸ்திரேலியத் தொடர்களில் நடித்தவர்கள் குளிர்காலத்தில் இங்கே வந்து பான்டோமைம் ஆடுவது வழக்கம். குடும்பத்தோடு பார்க்கிற மேடைக்கூத்து அது. நல்லவன் வந்தால் கைதட்ட வேண்டும், கெட்டவன் வந்தால் கூக்காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள தியேட்டரில் ராசகுமாரன் வேசம், சாட்சாத் அந்த டாக்டர்.

முதல் வரிசை டிக்கெட். சுகந்தி பட்டுச்சேலை உடுத்தாள். (என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு உடுத்தது நூல்சேலை.)

"அப்பா, ப்ளீஸ், நோர்மலா இருங்கோ," என்றாள் மகள் அபி, காரிலேயே.

அவனுக்கு இப்போது தொப்பை போட்டிருக்கும், தலைமயிர் கொட்டியிருக்கும் என்று நம்பித்தான் போனேன். திரை விலகியது. ஒரு மயிர்கூடக் கொட்டவில்லை. வயது எனக்கு மட்டும்தான் போயிருக்கிறது. சுகந்தி இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்து கெட்ட மந்திரவாதி வந்தான். கட்டை, மொட்டை, பெல்டுக்கு மேலே தள்ளிய வண்டி. பார்த்தவுடனே எனக்குச் சொந்தக்காரன் மாதிரிப் பட்டது. "அந்த ராசகுமாரனை இந்த நாட்டை விட்டே துரத்துவேன்!" என்று கர்ச்சித்தான். தியேட்டர் முழுக்கக் கூக்காட்டியது. எனக்கோ அது மிக நியாயமான கோரிக்கையாகத் தெரிந்தது. எழும்பி நின்று கைதட்டினேன். தனியாக.

"அப்பா, இருங்கோ!" என்று அபி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

மந்திரவாதி கண்டுவிட்டான். "ஆகா, எனக்கும் ஒரு நண்பன்!" என்று இறங்கி வந்து, என்னை மேடையில் ஏற்றி, ஒரு கறுப்புப் போர்வையைச் சுற்றிவிட்டான். ராசகுமாரன் வாளோடு பாய்ந்து வந்ததும் நண்பன் மாயமாய் மறைந்தான். நான் நின்றேன்.

ராசகுமாரன் என்னை அரிசி மூட்டை மாதிரித் தூக்கித் தோளில் போட்டான். (கல்லு மாதிரித் தோள். வீட்டில் இதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.) "இவனை விட்டுவிடவா?" என்று கேட்டான்.

"நோ!" என்றது தியேட்டர். அபியின் குரல் தனியாகக் கேட்டது.

தலைகீழாகத் தொங்கியபடி, "மை வைஃப், மை வைஃப்," என்று முதல் வரிசையைக் காட்டினேன். அவன் சுகந்தியைப் பார்த்துச் சிரித்தான், அதே கடற்கரைச் சிரிப்பு. "மேடம், இவர் உங்களுக்குத் திரும்ப வேண்டுமா?"

தியேட்டர் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

சுகந்தி யோசித்தாள்.

கலியாணப் பேச்சில் என் படத்தைப் பார்த்தபோதுகூட இவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் அவனைப் பார்த்தாள். விளையாட்டுத்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இவ்வளவு வருசத்தில் அவள் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றுதான். அதிலும் என்னுடைய பின்பக்கத்தை. என் நெஞ்சு அடித்த சத்தம் அவன் தோளுக்குக் கேட்டிருக்கும்.

கடைசியில், வசனத்தின் நுனி மேலே ஏறும் அந்த இங்கிலீஷில், யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு.

யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். நாங்கள் வீடு வந்து சேர முதல் அது பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், மனோர் பார்க் முருகன் கோயிலில் சாமி கும்பிட்டு நின்றாலும், யாராவது ஒருத்தி வருவாள்.

"சுகந்தியக்கா, யோசிச்சு முடிஞ்சுதோ?"

"அவசரப்படுத்தாதை பிள்ளை. அவர் இந்தக் கிறிஸ்மசுக்கும் வாறாராம்."

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அவளுக்கும் அபிக்கும். கொண்டுபோய் இறக்கிவிட வேண்டியது நான்.