மாட்டுங்கா லாட்ஜில் ஒரு பகல்

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ கட்டிலில் புரண்டார்கள். அய்யாத்துரை நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

“ஆள் இருக்கு,” என்றாள் அவன் மனைவி செண்பகவல்லி, உதடு மட்டும் அசைய.

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம் அது. அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். தாராவியில் ஒரே அறையில் அப்பா, அம்மா, இரண்டு தங்கைகள், இவர்கள் இருவர். தனியாகப் பேசிக்கொண்டதெல்லாம் தண்ணீர்க்குழாய் வரிசையில்தான். தாணேயில் சிநேகிதனுக்குக் கல்யாணம் என்று வீட்டில் பொய் சொல்லி, ஒர்க்‌ஷாப்புக்கு லீவு போட்டு, ஒரு பகலுக்கு இந்த லாட்ஜைப் பிடித்திருந்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு அழகு. வளைந்த பால்கனி, பச்சையும் சிவப்புமாக ஜன்னல் கண்ணாடி, வாசலில் காகிதப்பூக் கொடி. உள்ளே, ஒரு பெரிய அறையைப் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பலகையும் கூரைவரை எட்டவில்லை.

“ஃபேனைப் போடுதேன். ஒண்ணும் வெளிய கேக்காது.”

ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது.

“என்ன சொல்லுதீய?” என்று செண்பகவல்லி கத்தினாள்.

“மெதுவாப் பேசுன்னேன்!” என்று அவனும் கத்தினான்.

கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அவள் புதுப்புடவை வெளுத்தது. ஃபேனை நிறுத்தினான்.

“அலமாரியத் தள்ளி, பலகையோட ஒட்டி வச்சிருவோம். சத்தம் போவாது.”

இருவரும் தள்ளினார்கள். அலமாரிக்கு நாலாவது கால் ஒரு செங்கல் என்பது நகர்த்திய பிறகுதான் தெரிந்தது. அது சரிந்த சத்தத்தில் லாட்ஜே அதிர்ந்தது.

மேனேஜர் நம்பிராஜன் படியேறி வந்து கதவைத் தட்டினார். முதல் தட்டிலேயே தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

“இது கௌரவமான இடம் சார். நிஜமாவே நீங்க புருஷன் பெண்சாதிதானா?”

“ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேனே!”

“எல்லாரும்தான் எழுதறாங்க. ஏம்மா, இவர் பேர் என்ன?”

செண்பகவல்லி தலையைக் குனிந்தாள். புருஷன் பேரை அவள் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை.

“பேரே தெரியாதா?” மேனேஜரின் குரல் உயர்ந்தது. வராந்தாவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

“சொல்லிருட்டி,” என்று கெஞ்சினான்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “அய்யாத்துரை!”

அய்யாத்துரைக்குப் பாதி உயிர் போய்விட்டது. சேதி வீட்டுக்குப் போய்விடுமோ என்று பயந்து அவன் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தது வேறு பேர்.

“பூலோகம்னு எழுதியிருக்கே,” என்றார் நம்பிராஜன் மெதுவாக. பிறகு வராந்தா பக்கம் திரும்பி, “யாராவது போய் போலீஸைக் கூட்டிட்டு வாங்கப்பா!” என்றார்.

“ஐயா, தாலியப் பாருங்க!”

“மஞ்சக்கயிறு கடைத்தெருவுல விக்குது. உன் கல்யாணத்தை நேர்ல பார்த்த ஒருத்தரைக் காட்டு, விட்டுடறேன்.”

யாரைக் கூப்பிடுவது? யார் வந்தாலும் சாயங்காலத்துக்குள் தாராவிச் சந்து முழுக்கத் தெரிந்துவிடும். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது?

“யாருமில்ல,” என்றான். செண்பகவல்லி விம்மத் தொடங்கினாள்.

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“அவுகள விட்டுருங்க மேனேஜரே. அவன் எம்மவன், அவ எம்மருமவ. அந்தக் கல்யாணத்த நானும், இந்தா கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருக்காவளே, அவன் அப்பாவுந்தான் முன்ன நின்னு நடத்தி வச்சோம்.”