முப்பத்திரண்டு பல் நடுச்சக்கரம்

தஞ்சாவூர் ஜில்லாவில் மலை இருக்கிறது என்று நம்பிய ஒரே மனிதரை எனக்குத் தெரியும். ஒன்றல்ல, பல மலைகள். ஆற்றங்கரை ஒரு மலை. ரயில்வே கேட்டை ஒட்டிய மேடு ஒரு மலை. அரிசி ஆலைக்குள் லாரி ஏறும் சிமெண்டுச் சரிவு, அவர் கணக்கில் ஒரு சின்னக் குன்று. தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்ததுபோல் கண்ணுக்கெட்டிய வரை வயல் படுத்துக் கிடக்கும் நாட்டில், அவர் மட்டும் எப்போதும் எதன் மேலோ ஏறிக்கொண்டிருந்தார்.

நீடாமங்கலத்திலிருந்து கூத்தாநல்லூர் போகும் பக்கம், ஊர்ப் பெயர் வேண்டாம், மூடிக் கிடந்த உரக்கடை வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு என்றால் தெரியும். சாதாரண சைக்கிளில் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்துக்கு நாற்பத்தெட்டுப் பல் இருக்கும், இல்லை நாற்பத்து நாலு. அதை முப்பத்திரண்டாகக் குறைத்துவிட்டால் எந்த மேட்டையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம் என்பது அவர் கொள்கை. பஞ்சர் ஒட்ட வந்தவரிடமும் சொல்வார், காற்றடிக்க வந்தவரிடமும் சொல்வார், வழி கேட்டவரிடம் வழியைச் சொல்லாமல் இதைச் சொல்வார்.

“மனுசனுக்கே முப்பத்திரண்டு பல்லுதாங்க. அத வச்சே கரும்பு திங்கிறான். இரும்புக்கு எதுக்கு நாப்பத்தெட்டு?”

ஆட்களையும் அவர் பல்லால்தான் அளந்தார். டீக்கடைக்காரர் நாற்பது. தாசில்தார் நாற்பத்தெட்டு, சமதரையில் நன்றாகப் போவார், மேடு வந்தால் இறங்கிவிடுவார். நான் அந்தத் தாசில்தாரின் கீழ் குமாஸ்தா. எனக்கு எத்தனை என்று கேட்டேன். என் செருப்பைப் பார்த்தார், சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தார், பிறகு ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் ஒருமுறை இவர் பேச்சைக் கேட்டார். சைக்கிள் பேரணி. பாலத்து மேட்டில் தான் இறங்கித் தள்ளினால் மாற்றுக் கட்சிக்காரன் சிரிப்பானே என்ற கவலை. கடையில் இருந்த ஒரே முப்பத்திரண்டுப் பல் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு போனார். பாலத்தில் பூப்போல ஏறிவிட்டார், குறையே சொல்ல முடியாது. அப்புறம் நாலு மைல் சமதரை. சின்னச் சக்கரம், கால் காற்றாடியாய்ச் சுற்றுகிறது, வண்டி மாட்டு வண்டியாய் நகர்கிறது. பேரணி அவரைத் தாண்டிப் போயிற்று. கூட்டம் முடிந்து ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது செயலாளர் வந்து சேர்ந்தார். அதன்பிறகு கட்சிக்காரர்கள் யாரும் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை, சக்கரமும் வரவில்லை. “மேட்டுக்குப் போட்டதத் தரையில ஓட்டிட்டு என்னையச் சொன்னா?” என்பதோடு அவர் அதை முடித்துக்கொண்டார்.

அப்போதுதான் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு மலைச் சைக்கிளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுப் போனார். முன்னால் மூன்று பல்சக்கரம். நாற்பத்திரண்டு, முப்பத்திரண்டு, இருபத்திரண்டு. பஞ்சர் ஒட்டக் கொண்டுபோன அன்று, அந்த மூன்றையும் முதன்முதலாகப் பார்த்தபோது முப்பத்திரண்டு கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கை துடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நடுச்சக்கரத்தில் எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு, பஞ்சர் பெரிசாக இருக்கிறது, விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

நாலு நாள் ஆயிற்று. பஞ்சர் ஒட்டவில்லை. ஐந்தாம் நாள் வண்டி நின்றது, இருபத்திரண்டு பல் சக்கரத்தைக் காணோம். ஆறாம் நாள் இருபத்திரண்டு திரும்பி வந்திருந்தது, நடுச்சக்கரத்தைக் காணோம்.

அது அஞ்சலையின் சைக்கிளில் இருந்தது.

அஞ்சலையின் அப்பா மிராசுதார் பண்ணையில் ஆள். உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் அவரிடம் எடுத்த நிலத்தில் மூன்று மா, ஒரு ஏக்கர்தான், அந்தக் குடும்பத்துக்குப் பட்டாவாக வந்து, கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்து, கடைசியில் அஞ்சலை கைக்கு வந்தது. முதல் அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடந்தது. அந்த வாரம் பார்த்து, வண்டிப்பாதை தன் நிலத்தில் வருகிறது என்று மிராசுதார் வேலி போட்டுவிட்டார். தலைச்சுமை தூக்கத் தெருவில் ஆள் வரவில்லை. எல்லோருக்கும் நாளைக்கு அவர் வயலில் வேலை வேண்டும். மீதி இருந்த வழி ஒன்று: ஆற்றங்கரைமேல் ஏறி, கரையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போவது. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. நனைந்த நெல்லை நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நெல்லைக் கொண்டுபோய்ப் போட முடியாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடு என்று மிராசுதாரின் கணக்குப்பிள்ளை இரண்டு தடவை வந்து அன்பாகச் சொல்லியிருந்தார். குத்தகைக்குப் போனது திரும்பாது என்று அவளுக்குத் தெரியும்.

கேரியரில் அரை மூட்டை வைத்து அந்தச் சரிவில் ஏற வேண்டும். நாற்பத்தெட்டுப் பல்லில் பெடல் இறங்கவே இல்லை. இருபத்திரண்டைப் போட்டுப் பார்த்தார்கள். பெடல் சுளுவாக இறங்கியது. பின்னால் பாரம், மிதித்த வேகத்தில் முன்சக்கரம் கன்றுக்குட்டி போல் எழும்பி, அஞ்சலையும் நெல்லும் சரிவிலேயே உட்கார்ந்தார்கள். ஆகவே நடுச்சக்கரம். பழைய சக்கரத்தின் பல்லையெல்லாம் அராவித் தள்ளிவிட்டு, அதன்மேல் என் முப்பத்திரண்டை நாலு போல்ட்டில் முடுக்கி, செயினில் கண்ணிகளைக் கழற்றிக் குறுக்கியிருந்தார்.

சண்டை போடத்தான் கரைக்குப் போனேன். போனதும், இவ்வளவுக்கு எதற்கு, தள்ளிக்கொண்டே போகலாமே என்று புத்தி சொன்னேன். அஞ்சலைதான் பதில் சொன்னாள்.

“அவங்க தெருவுல எங்கப்பா சைக்கிள விட்டு எறங்கித் தள்ளிக்கிட்டேதான் போனாரு சார். ஏறி ஒக்காந்து போவக் கூடாது. கணக்குப்பிள்ள அந்தா கரையில நிக்கிறாரு பாருங்க. நான் தள்ளிக்கிட்டுப் போவ மாட்டேன்.”

முப்பத்திரண்டு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி குடுத்த பாதை மனு எந்த மேசையில கெடக்கு சார்?”

என் மேசையில். கண்ணாடிக் குண்டுக்கு அடியில். சர்வேயர் அறிக்கைக்காக என்று எழுதி வைத்திருந்தேன். அறிக்கை கேட்டு யாருக்கும் எழுதவில்லை. நான் ஆற்றைப் பார்த்தேன். அவர் என் நடுச்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார்.

அஞ்சலை ஏறி உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு அவளைப் பார்க்கவில்லை. பெடலைப் பார்த்து ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தார். வண்டி நின்றுவிடும் போலிருந்தது, நிற்கவில்லை. பதினெட்டில் ஒருமுறை ஆடியது. “ஒக்காந்தே மிதி தங்கச்சி, எந்திரிக்காத.” இருபத்தாறில் முன்சக்கரம் கரையைத் தொட்டது. கணக்குப்பிள்ளை நடுக்கரையில் குடையோடு நின்றார். அவள் மணியடித்தாள். அந்த மனிதர் பழக்கதோஷத்தில் ஒதுங்கி வழிவிட்டார்.

ஒரு நடை. அதுபோல் மூன்று நாளில் ஐம்பத்தெட்டு நடை. கடைசி மூட்டை நிலையத்துக்குள் போன பிறகுதான் மழை இறங்கியது.

நான் சர்வேயருக்கு எழுதினேன். அவர் வரவில்லை, நேரில் போய் அழைத்து வந்தேன். அதற்காக நாலு பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். அடுத்த அறுப்புக்கு முன் வேலி பிரிந்தது. அஞ்சலைக்கு இனிச் சமதரைதானே, சக்கரத்தை வாங்கித் தருகிறீர்களா என்று கேட்கக் கடைக்குப் போனேன். முப்பத்திரண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அது அங்கயே இருக்கட்டும் சார். வேலி எப்ப வேணா வரும்.” பிறகு, நான் கேட்காமலே, “நீங்க நாப்பத்தெட்டா இருந்தீங்க. இப்ப ஒரு நாப்பத்திரண்டு சொல்லலாம்.”

அந்த மாதமே மாற்றல் வந்தது. அதன்பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ கடை. நடுவில் ஒரு சக்கரம் இல்லையே, புதிது போட்டுவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய சக்கரத்திலிருந்து செயின் சின்னதில் விழும் அந்தச் சத்தத்தோடேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்திரண்டிலிருந்து கொஞ்சம் இறங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். எண்ணிச் சொல்ல அவர் பக்கத்தில் இல்லை.