ஆயிரம் மடங்குப் பேய்

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்க் குழாய்க்குக்கூட அவ்வளவு வரிசை நின்றதில்லை. அலைவரிசைச் சித்தர் வந்திருக்கிறார்! பழைய மந்திரவாதிகள் பேயை ஓட்டினார்கள். இவர் பேச வைக்கிறார். உலகமே முன்னேறும்போது பேய் மட்டும் பின்தங்கிவிடுமா?

கீழ்க்கூடத்தில் கடை விரித்தார். ஒரு பெட்டி, சிவப்பு விளக்கு, ஒலிபெருக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

"உள்ள ஆப்-ஆம்ப்னு ஒரு சில்லு இருக்கு. ஆவி ரொம்ப மெல்லிசா முனகும். அதை ஆயிரம் மடங்கு பெருசாக்கும். பேட்டரியில ஓடுது. ஏமாத்து வேலையே கிடையாது!"

ஆயிரம் மடங்கு என்றதும் கூட்டம் வாயைப் பிளந்தது. எதை என்று ஒரு வாயும் கேட்கவில்லை. என் வாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் பக்கத்து அறையில் கைக்குழந்தைக்கு ஓயாத இருமல். மருமகளைப் பிடித்த பேய்தான் காரணம் என்பது மாமியாரின் முடிவு. பெட்டியும் அதையே சொன்னால் மருமகள் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். பால்குடி மறக்காத குழந்தை இங்கேயே இருக்கும்.

முதலில் மாமியார், கூடத்து நடுவில் நின்று கம்பியைப் பிடித்தார். பெட்டி வாய் திறக்கவில்லை. அடுத்து மருமகளைச் சுவரோர நாற்காலியில் உட்கார வைத்தார் சித்தர். மின்சார வயர்கள் கொத்தாக மாடிக்கு ஏறும் சுவர் அது. ஆவிக்கு உகந்த மூலையாம்! அவள் கம்பியைத் தொட்டதும், "ம்ம்ம்ம்ம்..." என்று உறுமியது பெட்டி.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" மாமியார் அவள் மடியிலிருந்த குழந்தையைப் பறித்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"குழந்தையக் குடுங்க அத்தை. எனக்கு ஒண்ணுமில்ல."

"பேய் பிடிச்சவ எவடி ஒத்துக்கிட்டா?"

ஒத்துக்கொண்டாலும் பேய், மறுத்தாலும் பேய். நல்ல நியாயம்!

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கும் அக்கா வேலை முடிந்து வந்து, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உள்ளே வந்தார்.

"நெஞ்சுத்துடிப்பும் மெல்லிசான சமாச்சாரம்தான். அதைப் பெருசாக்க எங்க மெஷின்லயும் இந்த மாதிரி சில்லுதான். நெஞ்சுல ஒட்டின வயர் கழண்டா, பக்கத்துல ஓடுற கரன்ட்டையும் சேத்துப் பெருசாக்கிடும். அப்போ எங்க நோயாளிங்க எல்லாருக்கும் பேயா?"

"ஆவியோட விளையாடாதே, பெண்ணே!" என்று அதட்டினார் சித்தர்.

"பெரியம்மா, நீங்க அந்த நாற்காலியில உக்காந்து பிடிங்க."

மாமியார் உட்கார்ந்தார். பெட்டி இன்னும் உற்சாகமாக உறுமியது.

"ஆவி தாவிடுச்சு!" என்றார் சித்தர். பதிலைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார் போல.

அக்கா வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். விசிறிகள் நின்றன. பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மாமியார் கம்பியை விடவில்லை. பெட்டியோ மூச்சுவிடவில்லை. சுவிட்சை ஏற்றினார், உறுமல். இறக்கினார், அமைதி.

"யோவ் சித்தரே, கரன்ட் போனா பேயும் போயிடுமா?" என்றது ஒரு குரல். கூடமே சிரித்தது. சித்தர் பெட்டியை மூட்டை கட்டினார்.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மருமகள் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை நீட்டினார். "கிளம்புடி, டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோம்."

சில்லைத் திட்டாதீர்கள். உள்ளே வருவது நிஜமா புரட்டா என்று பிரித்துப் பார்க்க அதற்கு மூளை கிடையாது. வந்ததைப் பெருசாக்கும், அவ்வளவுதான். மூளை இருந்தும் அதே வேலையைச் செய்த எங்களை என்ன சொல்வது?