சம்பாவின் பட்டைக்குள் நான்

அச்சில் இருப்பதையெல்லாம் நம்பிவிடுகிற வியாதி எனக்கு உண்டு. பரம்பரை வியாதி என்று சொல்ல முடியாது. எங்கள் பரம்பரையில் அச்சைப் படித்த முதல் ஆளே நான்தான். அப்பா வங்காளத்துக்கு, கிதர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். எட்டு வயதிலிருந்து, வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக்கூட அம்மா விடமாட்டார். "முழுசா படிடா, கடைசில ஏதாவது சொல்லியிருப்பான்" என்பார். படித்து முடிக்கும்வரை அப்பா இருமிக்கொண்டே காத்திருப்பார்.

அப்பேர்ப்பட்டவன் உடற்கல்வியில் பட்டம் வாங்கி, டாலிகஞ்ச் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் உதவிப் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். (அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னது: "குதிரைக்கு டிரில் மாஸ்டர்.")

அங்கே சம்பா என்று ஒரு பழுப்பு நிறப் பெண் குதிரை. குழந்தைகள் ஏறிப் பழகுவதற்கென்றே பிறந்த சாது. வயிற்று நோய் வந்து மூன்று மாதம் லாயத்திலேயே நின்றதில் முதுகு தொய்ந்து, பின்னங்கால்களைத் தேய்ந்த செருப்பு மாதிரி இழுத்து இழுத்து நடந்தாள். பள்ளியின் செயலாளர் மித்ரா பாபு, முதுகு பலவீனம் என்று சொல்லி ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்களாம். எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அவளைப் பார்த்துக்கொள்ளும் சயீஸ் இத்ரிஸ் கேட்கவும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு இரண்டு தடவை உடம்பு தேய்த்துவிட்டான், அவ்வளவுதான்.

ஸ்டோர் ரூமில், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பிரிக்காமலே போட்டுவிட்ட பெட்டி ஒன்று என் கண்ணில் பட்டது. உள்ளே கையகல எலாஸ்டிக் பட்டை, அதை மாட்ட இரண்டு பக்கமும் கொக்கி வைத்த சேணத்துணி. பட்டை குதிரையின் பின்புறத்தைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அது மெல்ல அழுத்த, குதிரை தானாகவே வயிற்றை எக்கி, முதுகைத் தூக்கி, பின்னங்காலை நன்றாக உள்ளே எடுத்து வைக்குமாம். ஜிம்மில் நாம் ரப்பர் பட்டையை இழுத்து மூச்சு வாங்குகிறோமே, அதே கதை. ஆனால் எனக்குப் பிடித்தது பட்டை அல்ல, கூடவே இருந்த புத்தகம். இருபத்து நான்கு பக்கம்.

மூன்று முறை படித்தேன். முதல் நாள் பட்டையை மோந்து பார்க்க மட்டும் கொடுக்கச் சொன்னது, கொடுத்தேன். பிறகு தளர்வாக மாட்டி ஐந்து நிமிடம் நடை என்றது. ஆறாவது நிமிடம் கழற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் சம்பாவின் நடை மாறத் தொடங்கியது. அதை நானும் இத்ரிஸும் மட்டும் பார்த்தோம்.

ஒரே ஒரு இடத்தில்தான் நான் புத்தகத்தைத் தாண்டிப் போனேன். பட்டை நாளாக ஆகத் தொளதொளத்துவிடும், அவ்வப்போது கையால் இழுத்துப் பார்க்கவும் என்று போட்டிருந்தது. கையை எப்படி நம்புவது? (பட்டதாரி யோசிக்கிறான்.) ஆகவே இரண்டு முனையையும் சேணத்துணியில் மாட்டி, குதிரைக்குப் பின்னால் அந்த வளையத்துக்குள் நானே நுழைந்து, இடுப்பில் கொடுத்துப் பின்னால் சாய்வேன். எவ்வளவு நீள்கிறது என்று நோட்டில் குறிப்பேன்.

"பையா, குதிரைக்குப் பின்னால நிக்கிறவனைப் பைத்தியம்பாங்க" என்று இத்ரிஸ் இந்தியில் சொன்னான் (பையா என்றால் அண்ணன்). "கட்டிக்கிட்டு நிக்கிறவனுக்கு என்ன பேருன்னு தெரியல."

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை மித்ரா பாபு பார்வையிட வந்தார். அப்பாவையும் அம்மாவையும் நான் அழைத்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான்.) என் பட்டமளிப்பு விழாவுக்குப் போட்ட அதே சட்டையில் வந்த அப்பா, மித்ரா பாபுவுக்குப் பக்கத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

மணல் மைதானத்தின் நடுவில் இத்ரிஸ் நீளக் கயிற்றைப் பிடித்து நின்றான். அவனைச் சுற்றி சம்பா வட்டமாக ஓட வேண்டும். முக்கியமான நாள் அல்லவா, இன்னொரு முறை இறுக்கத்தைப் பார்த்துவிடலாம் என்று நான் வளையத்துக்குள் நுழைந்தேன். மித்ரா பாபு கடிகாரத்தைப் பார்த்தார். "ஷுரு கோருன்", ஆரம்பியுங்கள் என்று சொல்லி இரண்டு முறை கை தட்டினார்.

இரண்டு கைதட்டல் என்றால் ஓட வேண்டும் என்பது ஒன்பது வருடமாகச் சம்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் கிளம்பிவிட்டாள்.

விட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். கையில் எதையாவது பிடித்திருந்தால் அல்லவா விடுவதற்கு. பட்டை என் முதுகைத் தள்ள, அவள் வால் முகத்தில் அடிக்க, நான் ஓடினேன். முதல் திருப்பத்தில் ஒரு ஷூ போனது. இரண்டாவது சுற்றில் மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. அப்பா எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு சம்பா இன்னும் வேகம் எடுத்தாள்.

"இது என்ன?" என்று மித்ரா பாபு கேட்டார்.

"டிரெய்னிங் ஸார்" என்றார் அப்பா, துறைமுகத்தில் முப்பது வருடம் பேசிய வங்காள மொழியில். "எல்லாம் புக்குல இருக்கு."

எனக்கு அது தெளிவாகக் காதில் விழுந்தது. அப்போது அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சுற்றில் கால் மடங்கி மணலில் உட்கார்ந்தேன். பட்டை தோள் வழியாக உருவி, போகிற போக்கில் கண்ணாடியையும் பிடுங்கிக்கொண்டு, சம்பாவின் பின்புறத்தில் போய்ப் 'படார்' என்று விழுந்தது. அவள் ஒரு துள்ளு துள்ளினாள். பிறகு கழுத்தைத் தாழ்த்தி, முதுகைத் தூக்கி, பின்னங்கால்களை அளந்து வைத்து ஓட ஆரம்பித்தாள். கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது, பத்தொன்பதாம் பக்கத்துப் படம் அது.

"ஒரு முழு ஆளை இழுக்கிற குதிரைக்கு முதுகு பலவீனம்னு யார் சொன்னது?" என்றார் மித்ரா பாபு. (அவர்தான் சொன்னார்.) "இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும். ஆனா இந்த டிரெய்னிங் குழந்தைங்க முன்னால வேண்டாம்."

இத்ரிஸ் என்னைத் தூக்கிவிட்டான். "கயிறு உன் கைலதானே இருந்தது? முதல் சுத்துலயே நிறுத்தியிருக்கலாமே?" என்று அவனைக் கேட்டேன்.

"நிறுத்தியிருக்கலாம் பையா" என்றான். கண் சம்பா மேலேயே இருந்தது. "நோய்க்கு அப்புறம் அவ இப்படி ஓடி நான் பாக்கல. நிறுத்த மனசு வரல."

திரும்பும்போது மெட்ரோவில், என் முழங்காலில் மணலைத் தட்டிவிட்டபடி அப்பா கேட்டார்: "நீ ஓடினியே, அது எத்தனாம் பக்கம்?"

"அப்படி ஒரு பக்கமே இல்லப்பா. நானா சேர்த்தது."

இரண்டு ஸ்டேஷன் வரை அவர் மணலையே தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப அந்தப் பெரிய மனுசன்கிட்ட நான் புளுகிட்டேனா?" என்றார். அம்மாதான் முதலில் சிரித்தார். அப்புறம் நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டோம்.

இன்றைக்கும் வீட்டில் யார் எதைச் சொதப்பினாலும், சாம்பாரில் இனிப்பு தூக்கலாக இருந்தாலும், அப்பா தட்டைப் பார்த்தபடி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது புக்குல இருக்கா, சேர்த்ததா?"

சம்பா இன்னும் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறாள். யார் கை தட்டினாலும், ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்து, அங்கே நான் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கிளம்புகிறாள். அதுவும் புத்தகத்தில் இல்லை.