நம் சந்து வழியே நாமக்கல்

12.8.1962

அன்புமிக்க மச்சான் தோமினிக் அவர்களுக்கு,

யாகப்பன் கைகூப்பி எழுதுவது. தேவமாதா புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை இன்பமேரியும் சுகம். சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாயிருந்தால் மன்னிக்கவும்.

ரோட்டை நேராக்குகிறோமென்று ஊருக்கு வெளியே புது ரோடு போட்டதும், நம் பழைய ரோடு ஊருக்குள் நுழைந்து வளைந்து மறுபடி பெரிய ரோட்டிலேயே போய் முட்டும் வெறும் சந்தாகிவிட்டது, என் காப்பிக்கடையில் ஈ கூட உட்காரவில்லை. கடையை மூடிவிட்டுச் சேலத்துக்கு வாருங்கள் என்று நீங்களும் எழுதினீர்கள். மூடுவேனா நான்! ரோடு பிரிகிற இடத்தில் 'நாமக்கல்' என்று எழுதி, அம்புக்குறியை நம் சந்துப் பக்கம் காட்டி ஒரு பலகை நட்டேன். பொய்யா எழுதினேன்? சுற்றிக்கொண்டு போனாலும் நாமக்கல்தானே போய்ச் சேருகிறது!

பாருங்கள் மச்சான், லாரி, பஸ், கல்யாணக் கார் எல்லாம் இப்போது நம் வாசல் வழிதான்! பக்கத்துத் தங்கமுத்து கடைப் பந்தலை ஒரு லாரி இழுத்துக்கொண்டே போய்விட்டது. ஒரு டிரைவர் இறங்கிவந்து, "ஏனுங்க, எந்த மடையனுங்க இந்தப் பலகைய நட்டது?" என்று கத்தினார். "தெரியலீங்க, உக்காருங்க, இட்லி சூடா இருக்குது" என்றேன். வயிறு முட்டத் தின்றுவிட்டு, "நாளைக்கும் இப்பிடியே வாரேனுங்க" என்று போனார். இன்பமேரிதான், "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இதையும் சொல்லிப்போடுங்க" என்று நச்சரிக்கிறாள். சாமியாரே பலகையைப் பார்த்து நம் வழியாகத்தான் போனார், அவளுக்குத் தெரியாது.

சில நாளாக இரண்டு பேர் எதிர்ப்புறம் புளியமரத்தடியில் உட்கார்ந்து, போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் போலும். காப்பி கொடுத்து, "ஜில்லாவுலயே இந்த ரோட்டுலதானுங்க வண்டி ஜாஸ்தி" என்று பெருமையடித்தேன். அவர்களும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

இந்த வாரமே கூரையைப் பிரித்து ஓடு போடப்போகிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
யாகப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஓவர்சியர் வந்தார். மரத்தடி ஆசாமிகள் ரோட்டு இலாகாவாம், வண்டி எண்ண வந்தவர்களாம். இத்தனை வண்டி போகிற ரோடு இவ்வளவு குறுகலாக இருக்கலாமா என்று அகலப்படுத்தப்போகிறார்களாம். புது ரோட்டு எல்லைக்கான அளவுக்கல்லை நம் அடுப்புக்கும் அந்தப் பக்கம் நட்டுவிட்டார்கள். கடை முழுசும் போகிறது மச்சான்! பலகையைப் பிடுங்கிவிடுகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "அது இருக்கட்டுமுங்க, வண்டிக்காரங்களுக்கு வசதியா இருக்குது" என்கிறார். உங்கள் தங்கை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ரோட்ட நீங்கதானுங்க கூப்ட்டீங்க, ஊட்டுக்குள்ளயே வந்துட்டுது" என்று சொல்லிவிட்டு, பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.