கிராணியார் வாயில் என் வீட்டுக்காரர் பல்

என் கடகட மாமாவுக்கு,

உங்கள் மனைவி தாயம்மா பணிவோடு கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோழிகளும் சுகம். நீங்கள் அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறை என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். செத்துப்போனவருக்கு எழுதினால் என்ன கேட்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

விஷயம் என்னவென்றால், உங்கள் பல் கிடைத்துவிட்டது.

நீங்க போன பிறகு உங்க படத்துக்குப் பக்கத்துல அந்தக் கட்டுப்பல்லைத்தானே கழுவி வச்சிருந்தேன். கட்டின நாள்லேருந்து அது உங்க வாயில நிக்கவே இல்ல. பேசினா நழுவும், முறுக்கு கடிச்சா கழண்டுக்கும். லோரி பலகைப் பாலத்துல ஏறுன மாதிரி கடகடன்னு சிரிக்கிற மனுசன், வாயைக் கையால பொத்திக்கிட்டே இருந்து, மழைக் காய்ச்சல்ல சிரிக்காமலே போய்ட்டீங்க. அந்த வயித்தெரிச்சல் எனக்கு ஆறவே இல்ல மாமா. லோபாக் ஊர்ல கடை வச்சிருக்கிற பல்லுக்கட்டுற அமிர்தலிங்கத்தை ஒரு நாளாவது நாலு பேர் முன்னால நிறுத்திக் கேட்கணும்னு இருந்தேன். சாமி பார்த்து ஸ்டேட் கவுன்சில் ஐயாமாரை அனுப்பிச்சுது. பல்லு கட்டுறவங்க, கண்ணாடி விக்கிறவங்க, பிரசவம் பார்க்கிறவங்க இவங்களுக்கெல்லாம் இனிமே லைசன்ஸ் வேணுமா, சனங்க ஏமாறாம இருக்க என்ன சட்டம் போடலாம்னு தோட்டம் தோட்டமாக் கேட்டுக்கிட்டு வர்றாங்களாம். குறை இருக்கிறவங்க பள்ளிக்கூடத்துக்கு வரலாம்னு வேலை வாங்குற மண்டோர் வந்து கத்திட்டுப் போனாரு. நான் பல்லை மில்க் டின்னுல போட்டுக்கிட்டு மொத ஆளாப் போய் நின்னுட்டேன்.

மேசைக்குப் பின்னால ஐயாமார். பக்கத்துல, நாம பேசுறதை இங்கிலீஷுல சொல்றதுக்கு நம்ம தோட்டத்து ஆபீஸ் கணக்கு பார்க்கிற கிராணியார் திருநாவுக்கரசு, வழக்கம்போல முப்பத்திரண்டும் தெரிய இளிச்சுக்கிட்டு. உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு காலத்துல அவரு காலையில வேலைக்குப் பேர் கூப்பிட வந்தா வயித்துப் புள்ளை கூட ஆடாம இருக்கும். பல்லு கட்டுனப்புறம் சிரிச்ச முகம்தான். லேட்டா வந்தாலும் சிரிப்பு, திட்டினாலும் சிரிச்சுக்கிட்டே திட்டு, யாருக்கு பயம் வரும்? மனுசன் திருந்திட்டாருன்னு லயத்து வீட்டு வரிசை சனமே மாரியம்மனுக்குத் தேங்காய் உடைச்சோம்ல.

நான் டின்னைத் தொறந்து பல்லை மேசையில வச்சேன். "ஐயா, இந்தப் பல்லு கட்டுற அமிர்தலிங்கத்துக்கு லைசன்ஸ் குடுக்காதீங்க. என் வீட்டுக்காரர் சிரிப்பை இவருதான் பிடுங்கிட்டாரு"ன்னேன். அமிர்தலிங்கத்தையும் வரச் சொல்லியிருந்தாங்க. அவரு பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "அம்மா, இது உங்க வீட்டுக்காரருக்குச் செஞ்சதே இல்ல. அவருக்குப் பெரிய வாய். முன்பல்லு ரெண்டும் அகலமா இருக்கணும், அப்பத்தான் சிரிச்சா எடுப்பா இருக்கும்னு அவரே கேட்டு வாங்கினாரு. இது சின்ன வாய்க்காரர் பல்லு"ன்னாரு. சொல்லிக்கிட்டே நிமிர்ந்தவரு கண்ணு கிராணியார் வாயில போய் நின்னுடுச்சு. நானும் பார்த்தேன். பள்ளிக்கூடமே பார்த்துச்சு. அகலமா ரெண்டு முன்பல்லு.

"ரெண்டு பேரு பல்லையும் ஒரே நாள்தான் கொண்டாந்தேன். உள்ளே விட பாஸ் இல்லைன்னாங்க, பேர் எழுதி ரெண்டு பொட்டலமா தோட்டத்து கேட்டுல குடுத்துட்டுப் போனேன்"னாரு அமிர்தலிங்கம். கேட்டுல சோதனை போடுற காவல்காரர் நல்லசாமி தன் பூட்ஸையே குனிஞ்சு பார்த்தாரு. காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனுக்கு ஒரு பிடி அரிசி போயிடக் கூடாதுன்னு பொம்பளைங்க கொண்டையைக் கூட அவுத்துப் பார்க்கிற காலமாச்சே. "அரிசி இருக்கான்னுதான் ரெண்டையும் பிரிச்சேன், மறுபடி கட்டும்போது மாறியிருக்கும்லா"ன்னு முனகுறாரு! கிராணியாருக்கு அது சிரிப்பே இல்ல மாமா, உங்க பல்லு மேல வாயை மூட முடியாத கஷ்டம்! நீங்க மானத்துக்குப் பயந்து சொல்லல, அவரு உத்தியோகத்துக்குப் பயந்து சொல்லல. இத்தனை நாளா நான் உங்க படத்துக்கு முன்னால கிராணியார் பல்லுக்கு முறுக்கு படைச்சிருக்கேன்.

"இப்ப என்னம்மா சொல்றீங்க?"ன்னு பெரிய ஐயா கேட்டாரு, சிரிப்பை அடக்க முடியாம அவரு மேசை ஆடுது. "பல்லுக்காரர் மேல குத்தமில்லைங்க. அவருக்கு ஒரு லைசன்ஸ் குடுங்க. கேட்டுல பொட்டலம் பிரிக்கிற கைக்கும் ஒரு பரீட்சை வச்சு லைசன்ஸ் குடுங்க"ன்னேன். அதை இங்கிலீஷுல சொல்ல வேண்டிய கிராணியார் கையால வாயைப் பொத்திக்கிட்டாரு, உங்களை மாதிரியே. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு.

வெளியே வந்தா பக்கத்து வீட்டு செல்லம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, அண்ணன் பல்லு அங்கேயே இருக்கட்டும்லா. அதைப் புடுங்கிட்டா கிராணி வாயை மூடிக்குவாரு, அப்புறம் நாங்க செத்தோம்." லயமே வந்து கெஞ்சுது. எனக்கோ உங்க பல்லு உங்க படத்துக்கிட்ட இருக்கணும். ராத்திரி பூரா யோசிச்சேன். கடைசியில உங்க பல்லை அவருக்கே விட்டுட்டேன். நீங்க போயும் தோட்டத்துக்கு ஒரு சிரிப்பு பாக்கி இருக்கட்டும்.

இங்குள்ள எல்லோருடைய கும்பிடும் உங்களுக்கு. மேலே பனியாய் இருந்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தாயம்மா

பி.கு.: மேலே எழுதின முடிவு இப்ப மாறிப்போச்சு மாமா. காலையில கிராணியாரே வந்து நின்னாரு, உங்க பல்லை வெந்நீர்ல கழுவி வாழையிலையில மடிச்சு. படத்துக்கிட்ட இருந்த தன் பல்லை எடுத்து மாட்டினாரு, 'டக்'குனு உக்காந்துச்சு. வாயை மூடினாரு. அந்தப் பழைய மூஞ்சி! செல்லம்மா பயந்துபோய் கும்பிட்டே கும்பிட்டுட்டா. அவரு வாயைத் தொறந்து, மூடி, மறுபடி தொறந்து, அடிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு, கோழியெல்லாம் பறந்துடுச்சு. வலியில்லாம சிரிச்சே ரொம்ப நாளாச்சாம். உங்க பல்லை உங்க படத்துக்கிட்டயே வச்சுட்டேன். புதுசா முறுக்கு சுட்டுப் படைச்சிருக்கேன். இப்பவாச்சும் கடிக்க வருதா மாமா?